லாடன் கிராம வட்டமும் அதன் பாரிஷுகளும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களின் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)

 

வட்டி விகிதம், தவணை பாக்கி, பங்குத் தொகை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே இன்ஸ்பெக்டர்களின் வழக்கம். இன்றோ, இங்கிலாந்தின் கீழ்க்கோடியில் 80 ஆண்டுகள் நிலவிப் பின்னர் மறைந்துபோன ஒரு கிராம வட்டத்தின் சரித்திரத்தைச் சொல்ல முன்வந்துள்ளேன். அந்நாட்டுக் கிராமவாசிகள் வெகு காலமாக ஒரு கேள்விக்கு விடை தேடி வந்தார்கள். எந்தக் காரியத்தை ஊரார் தம் ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்? எந்தக் காரியத்தைப் பல ஊரார் ஒன்று கூடிச் செய்ய வேண்டும்? கிராமத்தில் சங்கமும் நகரத்தில் மத்திய பாங்கும் வைத்திருக்கும் நமக்கும் இக்கேள்வி உரியதே. ஆதலால் அவர்கள் கண்ட விடையை நாம் அறிவது வீண்போகாது.

நாட்டின் அமைப்பு

இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில் நார்போக் என்றொரு ஜில்லா உண்டு. அதன் தலைநகர் நாரிச். அந்நகருக்குத் தென்கிழக்கே சுமார் 10 மைல் தூரத்தில், செட் என்னும் சிற்றாற்றின் கரையில் லாடன் என்ற சிறிய சந்தையூர் இருக்கிறது. வடக்கே யேர் ஆறும் தெற்கே வேவ்னி ஆறும் ஓட, இடையே கிடக்கும் நிலப்பரப்புத்தான் லாடன் கிராம வட்டம். வேவ்னியைக் கடந்தால் சபோக் ஜில்லா. கோதுமை, வாற்கோதுமை, சர்க்கரைக் கிழங்கு ஆகியவை இப்பக்கத்தின் பயிர்கள். ஆற்றங்கரைச் சதுப்புகளில் மாடு மேய்க்கிறார்கள். கட்டிடக் கல் கிடைக்காத பூமியாகையால், சிக்கிமுக்கிக் கற்களை அடுக்கி வட்டமான கோபுரங்களோடு பழைய கோயில்களைக் கட்டினார்கள். ஹேல்ஸ், ஹெக்கிங்ஹாம், ஹாடிஸ்கோ முதலிய ஊர்களில் அக்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன.

இவ்வட்டத்தில் ஏறக்குறைய 40 பாரிஷுகள் இருந்தன. லாடனைத் தவிர மற்றவை யாவும் சிற்றூர்களே.

பாரிஷ் என்பது யாது?

ஒரு கோயிலுக்கும் அதன் குருவுக்கும் உரிய எல்லையே ஆதியில் பாரிஷ் எனப்பட்டது. நாளடைவில் அதுவே ஊர்க் காரியங்களுக்கும் எல்லையாயிற்று. 1538-ஆம் ஆண்டில், ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் ஒரு புஸ்தகத்தில் பதிய வேண்டுமென்று ராஜாங்க உத்தரவு பிறந்தது. அப்புஸ்தகங்களை வைக்க ஒரு பெட்டியும் ஏற்பட்டது. 1603-ஆம் ஆண்டின் திருச்சபை விதிப்படி அப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள். ஒரு சாவி குருவிடத்திலும், மற்ற இரண்டும் கோயில் விசாரணைக்காரர் இருவரிடத்திலும் இருக்கும். மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. நம் சங்கத்துக் கைப்பெட்டியின் சாவியை ஒருவரே இடுப்பில் செருகிக்கொண்டு வெளியூர் போவதை இலாகா ஏன் ஆட்சேபிக்கிறதென்று கேட்போர் இந்த மூன்று பூட்டுகளையும் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

1601-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வூர் ஏழைகளைக் காக்கும் பொறுப்பையும் பாரிஷின் தலையில் வைத்தது. ஊராரிடம் வரி வசூலித்து ஏழைகளுக்கு உதவ மேற்பார்வைக்காரர் நியமிக்கப்பட்டனர். வருஷந்தோறும் அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுப்பதால் உண்மையான கஷ்டம் எது, பாசாங்கு எது என்பது எளிதில் விளங்கிற்று. இது சிற்றூரின் நன்மை.

ஆனால் சிற்றூருக்குரிய தீமையும் ஒன்று உண்டு. ஊர் சிறிதாயின் மனமும் சில வேளை சிறுத்துவிடுகிறது. 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், வேற்றூர் ஏழை தம் ஊரில் தங்கிவிட்டால் தமக்கு வரிச் சுமை ஏறுமென்று பாரிஷுகள் அஞ்சின. வேலை தேடி வந்தவனைச் சட்டப்படி அவனுக்குரிய பாரிஷுக்கே திருப்பி அனுப்பினார்கள். பிரசவ காலம் நெருங்கிய ஏழைப் பெண்ணைக் கூட, குழந்தை தம் எல்லைக்குள் பிறந்துவிடக் கூடாதென்று எல்லை தாண்டி விரட்டிய ஊர்கள் இங்கிலாந்தில் பல. ஆகையால் சிறிதாயிருப்பது ஒன்றே நன்மையென்று யாரும் கொள்ளலாகாது.

ஹெக்கிங்ஹாம் விடுதி

தனித்தனிப் பாரிஷால் தாங்க முடியாத சுமையைப் பல பாரிஷுகள் சேர்ந்து தாங்கலாமென்ற எண்ணம் 18-ஆம் நூற்றாண்டில் உண்டாயிற்று. 1764-ஆம் ஆண்டில் லாடன், கிளேவரிங் என்ற இரு பழைய பிரிவுகளின் பாரிஷுகளை ஒன்றுசேர்க்கத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி ஹெக்கிங்ஹாமில் ஏழைகளுக்கென ஒரு பெரிய வேலை விடுதி எழுந்தது. ஏழைகளை ஒரே கூரையின் கீழ் வைத்து வேலை வாங்கினால் செலவு குறையும், ஒழுங்கும் வளரும் என்பது அமைத்தவர்களின் நோக்கம்.

1834-ஆம் ஆண்டில் ஏழை பரிபாலனத்திற்குப் புதிய சட்டம் வந்தது. விடுதியில் சேரும் புருஷனையும் மனைவியையும் பிரித்து வெவ்வேறு பகுதிகளில் வைக்க வேண்டுமென்ற விதி அதன் பின் நடைமுறைக்கு வந்தது. கஞ்சிக்கு வழியில்லாமையால் விடுதிக்குப் போனவன் குடும்பத்தையும் இழந்தான். ஜனங்களுக்குக் கசப்பு மிகுந்தது. 1836-ஆம் ஆண்டில் ஹெக்கிங்ஹாம் விடுதியின் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று. அது தானாகப் பற்றிய தீயன்று, வைத்த தீ என்றே கருதப்பட்டது.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஊர்கள் சேர்ந்தது தவறன்று. சேர்ந்து செய்த காரியத்தில், அதனால் பாதிக்கப்படுபவனுக்குச் சொல்லிடம் இல்லாமற்போனதே தவறு. தீர்மானம் செய்பவன் ஓரிடம், அதை அனுபவிப்பவன் வேறிடம். இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை மைலால் அளக்க முடியாது.

ஒருவருக்கு ஆறு வாக்கு

அப்படியானால் பாரிஷ் சபையில் ஏழைக்குச் சொல்லிடம் இருந்ததா? பெயரளவில் இருந்தது. 1818-ஆம் ஆண்டுச் சட்டம் பாரிஷ் சபையில் சொத்துக்குத் தக்கபடி வாக்கு அளித்தது. 50 பவுனுக்குக் குறைந்த மதிப்பு உள்ளவனுக்கு ஒரு வாக்கு. அதற்கு மேல் 25 பவுனுக்கு ஒன்றாக ஏறி, பெரிய சொத்துக்காரர் ஒருவர் ஆறு வாக்கு வரை போடலாம். கூட்டமும் பெரும்பாலும் பகலில் நடக்கும். பகலில் கூலியாள் வயலில் நிற்பான். வரி செலுத்தும் நிலக்காரர்களே கூடி, அவனுடைய கூலியையும் உதவியையும் குறித்துத் தமக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள்.

இந்த நிலைமையில் வளர்ந்த ஒருவரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் இதே நார்போக் ஜில்லாவின் வடபாகத்தில், மார்ஷம் என்னும் கிராமத்தில் 1850-இல் பிறந்தார். அவர் சிறு குழந்தையாயிருந்தபோது, அவருடைய தந்தை பசித்த பிள்ளைகளுக்காக வயலிலிருந்து சில டர்னிப் கிழங்குகளை எடுத்த குற்றத்திற்காகச் சிறை சென்றார். குடும்பம் வேலை விடுதிக்குப் போயிற்று. பள்ளிக்கூடம் காணாத அப்பிள்ளை பறவை விரட்டும் வேலையில் அமர்ந்தான். விவாகமான பின் மனைவியே அவருக்கு எழுத்துக் கற்பித்தார். அவர் 1906-இல் கிழக்கு ஜில்லாக்களின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1920-இல் தென் நார்போக் தொகுதியின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்குச் சென்றார். 1930-இல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. அவர் முதன்முதலில் ஏறிய பொதுப் பதவிப் படி எது தெரியுமா? 1894-ஆம் ஆண்டின் சட்டத்தால் உண்டான கிராம சபைகளே.

1894-ஆம் ஆண்டுச் சட்டம்

அச்சட்டமே லாடன் கிராம வட்டத்தையும் ஈன்றது. அதன் அம்சங்கள் சங்க நிர்வாகத்தில் கவலையுள்ளவர்கள் ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

முதலாவது, ஒவ்வொரு பாரிஷிலும் ஊர் வாக்காளர் அனைவரும் கூடும் மகாசபை ஏற்பட்டது. அதில் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆறு வாக்கின் காலம் ஒழிந்தது. ஸ்திரீகளும், விவாகமானவர் உட்பட, வாக்களிக்கவும் அங்கத்தினராகவும் உரிமை பெற்றனர். பார்லிமெண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1918-இல்தான். கிராம சபை 24 ஆண்டு முந்திக்கொண்டது.

இரண்டாவது, மகாசபை மாலை 6 மணிக்கு முன் தொடங்கலாகாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கலப்பையை விட்டு வீடு திரும்பிய கூலியாளும் வரவேண்டுமென்பதே கருத்து. வேறு இடம் கிடைக்கும்போது மதுக்கடையில் கூடலாகாது. ஊர்ப் பள்ளிக்கூட அறையை வாடகையின்றிப் பயன்படுத்தலாம். உரிமையைக் கொடுத்துவிட்டு அதை அனுபவிக்க முடியாத நேரத்தையும் இடத்தையும் குறிப்பது கொடாததற்குச் சமம் என்பதை அச்சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மூன்றாவது, 300 பேரும் அதற்கு மேலும் உள்ள பாரிஷுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து உண்டு. அதனினும் சிறிய ஊருக்கு மகாசபையே போதும். 100 பேருக்குக் குறையாத சிற்றூர் விரும்பினால் பஞ்சாயத்து அமைத்துக்கொள்ளலாம். ஊரார் ஆறு பேர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் மகாசபையைக் கூட்டலாம். தலைவரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, பணம். பவுனுக்கு 3 பென்ஸுக்கு மேற்பட்ட வரிக்கு இடந்தரும் செலவை மகாசபையின் சம்மதமின்றிப் பஞ்சாயத்தார் செய்யலாகாது. சம்மதம் பெற்றாலும் 6 பென்ஸே உச்சவரம்பு. பவுன் ஒன்றுக்கு அக்காலத்தில் 240 பென்ஸ். ஆகவே நாற்பதில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் கை நீளாது. கணக்குகளைச் சர்க்கார் தணிக்கையாளர் பார்ப்பார்.

1894 டிசம்பரில் முதல் தேர்தல்கள் நடந்தன. கையுயர்த்தி வாக்களித்தார்கள். கூலிக்காரனும், அவனுக்குக் கூலி கொடுக்கும் நிலக்காரனும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் அமர்ந்து ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு வாக்களிப்பது எவ்வளவு சங்கடமான காரியமென்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பலர் கையுயர்த்தினார்கள்.

வட்ட சபையின் காரியங்கள்

பாரிஷ் பஞ்சாயத்து நடைபாதை, பயிர்த் துண்டுநிலம், ஊர்ப் பொது இடம் முதலியவற்றைக் கவனித்தது. கூலியாள் கிழங்கும் காய்கறியும் பயிரிட்டுக்கொள்ளத் துண்டுநிலம் தேடித் தருவது அதன் முக்கியமான கடமை. சாலை, குடிதண்ணீர், சாக்கடை, வீடு ஆகியவை ஓர் ஊரின் வரியால் நடவா. அவற்றிற்காகவே 40 பாரிஷுகளின் பிரதிநிதிகள் லாடன் வட்ட சபையில் கூடினார்கள். அவர்களே ஏழை பரிபாலன சபையாரும் ஆவர். ஹெக்கிங்ஹாம் விடுதியின் ஆட்சி, ஏழைகளின் வாக்கும் சேர்ந்து தேர்ந்தெடுத்தவர்களின் கைக்கு இவ்வாறு வந்தது. 1930 ஏப்ரலில் அந்தப் பொறுப்பும் சாலைகளும் ஜில்லா சபைக்குப் போயின. விடுதிக் கட்டிடம் பிற்காலத்தில் மருத்துவமனையாகப் பயன்பட்டது.

இவ்வட்டத்தின் டிச்சிங்ஹாம் என்ற பாரிஷில் ரைடர் ஹகார்ட் என்னும் பிரசித்த நாவலாசிரியர் வாழ்ந்தார். அவர் விவசாயியுமாவார். கிராமத்தார் நிலத்தை விட்டுப் பட்டணம் ஓடுவதைக் கண்டு வருந்தி, ஜில்லா ஜில்லாவாகச் சுற்றி விசாரித்து, 1902-இல் இங்கிலாந்தின் கிராம நிலைமையைப் பற்றி இரண்டு பெரும் பாகங்கள் வெளியிட்டார். பின்னர் டென்மார்க் சென்று அந்நாட்டுக் கூட்டுறவுப் பால் பண்ணைகளை நேரிற் கண்டு 1911-இல் ஒரு நூல் எழுதினார். டென்மார்க்கில் முதற் கூட்டுறவுப் பால் பண்ணை 1882-இல் தோன்றியது. 2 மாடு வைத்திருப்பவனுக்கும் 50 மாடு வைத்திருப்பவனுக்கும் அங்கே ஒரே வாக்கு. வாக்கு மனிதனுக்கேயன்றி மாட்டுக்கன்று என்பது அவர்களுடைய சித்தாந்தம். அவரவர் ஊற்றிய பாலுக்குத் தக்கபடி லாபம், அவரவர் தலைக்கு ஒரு வாக்கு. இந்த முறை இங்கிலாந்து விவசாயிகளுக்கும் வேண்டுமென்று ஹகார்ட் வாதாடினார். ஊராட்சியில் 1894-ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததைப் பொருளாதாரத்தில் கூட்டுறவு செய்கிறது என்பது நமக்கு இதனால் விளங்கும்.

வட்ட சபை கட்டிய வீடுகள்

லாடன் வட்டத்தின் பெயரை இங்கிலாந்து முழுவதும் அறியச் செய்தது அதன் வீடுகளே. இரண்டாம் உலக யுத்தம் 1945-இல் முடிந்தபோது, விவசாயத் தொழிலாளரின் குடிசைகள் பல ஈரமும் இருட்டுமாயிருந்தன. குழாய்த் தண்ணீர் காணாத ஊர்கள் பல. பலர் நிலக்காரர் கொடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். அவ்வகை வீட்டில் வேலை போனால் வீடும் போகும். எஜமானை எதிர்த்து மகாசபையில் கையுயர்த்துவது எப்படி?

வட்ட சபை இரண்டு இளம் சிற்பிகளை அமர்த்திக்கொண்டது. ஹெர்பர்ட் டெய்லர், டேவிட் கிரீன் என்பது அவர்கள் பெயர். 1973-இல் தொழிலிலிருந்து ஓய்வு பெறுமளவும் அவர்கள் இவ்வட்டத்துக் கிராமங்களில் ஏறக்குறைய 700 வீடுகள் அமைத்தார்கள். லாடன், டிச்சிங்ஹாம், ஹேல்ஸ், கெல்டெஸ்டன், பெர்க் ஆப்டன், கில்லிங்ஹாம் முதலிய ஊர்களில் அவற்றைக் காணலாம். பட்டணத்து மாதிரியொன்றை எடுத்து எல்லா ஊரிலும் பதிக்கவில்லை. வயற்காற்று கடுமையாகையால் வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டினார்கள். முகப்பை அகலமாக்கி வெயிலும் வெளிச்சமும் உள்ளே வரச் செய்தார்கள். சேற்றுக் காலோடு வருகிறவன் கூடத்தை மிதியாமல் பின்பக்கம் போக வழி வைத்தார்கள். முதியோருக்குத் தனியாகச் சிறு வீடுகள் கட்டினார்கள். அப்பக்கத்துச் செங்கல்லும் வளைவோடும் பயன்பட்டன. பக்கச் சுவரில் கட்டிய ஆண்டைச் செங்கல்லிலேயே எழுதினார்கள். ஏழைக்குக் கட்டும் வீடு ஏழ்மையைக் காட்டும் வீடாயிருக்க வேண்டியதில்லை என்பது அவ்வரிசைகளைப் பார்ப்போருக்குத் தோன்றும். டிச்சிங்ஹாமில் பொதுப் புல்வெளியைச் சூழ்ந்து கட்டிய வரிசை உட்படச் சில, பாதுகாக்க வேண்டிய கட்டிடங்களாகச் சர்க்கார் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

ஓர் ஊர் தனித்திருந்தால் இதைச் செய்திராது. தூரத்து ராஜதானியிலிருந்து செய்திருந்தால் ஹேல்ஸின் காற்றும் டிச்சிங்ஹாமின் புல்வெளியும் அவர்கள் கருத்தில் வந்திரா. 40 ஊர் சேரும் அளவுக்குப் பெரிதும், ஒவ்வோர் ஊரையும் பெயர் சொல்லி அறியும் அளவுக்குச் சிறிதுமாயிருந்ததே அச்சபையின் பலம்.

வட்டம் மறைந்தது, பாரிஷ் நின்றது

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தின் கிராம வட்டங்கள் யாவும் 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி நீங்கின. லாடன், அண்டை வட்டங்களாகிய டெப்வேடு, போர்ஹோ-ஹென்ஸ்டெட் என்பவற்றோடும் டிஸ், வைமண்டம் என்ற நகரங்களோடும் சேர்க்கப்பட்டுத் தென் நார்போக் மாவட்டம் உண்டாயிற்று. பெரிய சபைக்கு வருமானமும் உத்தியோகஸ்தர் பலமும் அதிகம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் லாடனில் முடிந்த பேச்சு அதன் பின் வெகு தூரம் போய் முடிய வேண்டியதாயிற்று. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியிருப்போர் சபை வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமென்று ஏற்பட்டமையால், அவ்வீடுகளிற் பல தனியார் சொத்தாயின.

பாரிஷுகளோ மறையவில்லை. மூன்று பூட்டுப் பெட்டியின் காலத்திலிருந்து எத்தனையோ சட்டங்கள் மேலே வந்து போயின. மேலேயுள்ள சபைகள் பெயர் மாறின, எல்லை மாறின, மறைந்தன. அடியிலுள்ள பாரிஷ், அதிகாரம் குறைந்தாலும், ஊரார் கூடும் இடமாக இன்றளவும் நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டியவை

அன்பர்களே! இச்சரித்திரத்திலிருந்து நம் சங்கங்களுக்கு மூன்று காரியங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, யாருக்குக் கடன் தேவை, யார் நாணயஸ்தர், யார் கஷ்டம் உண்மையானது என்பவை ஊரிலேயே தீர்மானிக்கத் தக்கவை. அவற்றை மத்திய பாங்கின் தலையில் போடலாகாது. மூலதனம், கிடங்கு, விற்பனை போன்றவை ஓர் ஊரால் ஆகாதவை. அவற்றிற்குப் பல சங்கங்கள் சேர வேண்டும். சேருமிடத்தில் நம் பிரதிநிதி வாய் திறப்பவராயிருக்க வேண்டும்.

இரண்டு, மகாசபையின் நேரம். சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யுமிடத்து, நடவு நாளில் நண்பகலில் மகாசபை நடந்ததாகப் பதிவு கண்டதுண்டு. கோரத்துக்குப் போதுமான கையெழுத்தும் இருக்கும். சட்டம் அதில் குற்றம் காணாது. ஆனால் அந்த நேரத்தில் யார் வரமுடியும், யார் வரமுடியாது என்பதைப் பஞ்சாயத்தார் அறிவார்கள். மாலை விளக்கு வைத்த பின் கூடுங்கள். ஸ்திரீகளும் வரத்தக்க இடத்தில் கூடுங்கள்.

மூன்று, தலைக்கு ஒரு வாக்கு என்ற உரிமை நமக்குச் சட்டத்தில் முன்னமேயே இருக்கிறது. பெரிய கையைப் பார்த்துச் சிறிய கை தாழ்ந்தால் அது ஆறு வாக்கு முறைக்கே திரும்பிப் போவதாகும். கடன் கொடுத்தவரும் கடன் வாங்கியவரும் ஒரே திண்ணையில் அமரும் நம் ஊர்களில் இது எளிதன்று. 1894 டிசம்பரில் அந்தப் பள்ளிக்கூட பெஞ்சில் அமர்ந்திருந்த கூலியாளுக்கும் எளிதாயிருக்கவில்லை.

வரும் மகாசபைக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தாமும் வந்து, வாராதிருக்கும் அண்டை வீட்டாரையும் அழைத்து வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.